மெட்ரோ ஈதர்நெட்டை மற்ற விரிபரப்பு இணைப்புகளோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு நிறுவனத்தின் பல கட்டடங்களையோ தொலைவில் பரந்து கிடக்கும் கிளைகளையோ இணைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால், உங்கள் மேசைமேல் இருக்கும் முன்மொழிவுகளில் ஒன்று மெட்ரோ ஈதர்நெட் என்றும், மற்றொன்று எம்பிஎல்எஸ் விபிஎன் (சேவையாளரின் வலையமைப்புக்குள் உங்களுக்கென்று பிரித்துத் தரப்படும் தனிவழி) என்றும், இன்னொன்று பொது இணையத்தின் வழியே செல்லும் மறையாக்கப்பட்ட சுரங்க இணைப்பு என்றும் சொல்லும். மூன்றிலும் விநாடிக்கு 100 மெகாபிட் என்றே எழுதியிருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் கட்டணம் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதே நியாயம் என்று தோன்றும். ஆனால் கிளை ஒன்று புதிதாகச் சேரும்போது யார் எதை மாற்ற வேண்டும், இணைப்பு அறுந்தால் அதை உங்கள் கருவி எத்தனை விநாடியில் உணரும், பாக்கெட் (தரவுத் துண்டு) ஒன்று தொலைந்தால் அது யாருடைய எல்லைக்குள் தொலைந்தது என்பதை எப்படி நிறுவுவது ஆகிய கேள்விகளுக்கு இந்த மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. ஒப்பீட்டை அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு.

பெயர்களை ஒதுக்கிவிட்டு அடுக்கைக் கேளுங்கள்

மெட்ரோ ஈதர்நெட் என்பது, அலுவலகத்துக்குள் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டையே நகர அளவுக்கு விரித்து வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் ஒரு சேவையின் பெயர். எம்பிஎல்எஸ் என்பது சேவையாளரின் வலையமைப்புக்குள் பாக்கெட்டுகளைச் சீட்டு ஒட்டிக் கடத்தும் நுட்பத்தின் பெயர். பல இடங்களில் மெட்ரோ ஈதர்நெட் சேவையே உள்ளுக்குள் எம்பிஎல்எஸ் மீதுதான் ஓடுகிறது. அதனால் இந்த இரண்டு பெயர்களையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடுவது, பயணச்சீட்டையும் இஞ்சினையும் ஒப்பிடுவதற்குச் சமம். சேவையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உங்கள் கருவியும் அவருடைய கருவியும் எந்த அடுக்கில் (வலையமைப்பின் வேலைகள் கீழிருந்து மேலாகப் பிரிக்கப்பட்ட படிநிலைகளில் எதில்) பேசிக்கொள்கின்றன என்பதுதான். அவர் ஈதர்நெட் பிரேமை (ஈதர்நெட் தன் தலைப்போடு சுற்றி அனுப்பும் தரவுப் பொதியை) வாங்கிக்கொண்டு மறுமுனையில் அதே பிரேமைத் திருப்பித் தருகிறார் என்றால் அது இரண்டாம் அடுக்குச் சேவை. ஐபி முகவரியைப் படித்து எந்தக் கிளைக்கு அனுப்புவது என்று அவரே முடிவு செய்கிறார் என்றால் அது மூன்றாம் அடுக்குச் சேவை. வெறும் பிட்டுகளையோ ஒளியலையையோ கடத்துகிறார் என்றால் அது முதல் அடுக்கு.

பழைய நுட்பங்களையும் இதே தட்டில் வைத்துப் பார்க்கலாம். இ-1 எனப்படும் லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பு), 64 கிலோபிட் கொண்ட 32 கால இடைவெளிகளைச் சேர்த்து விநாடிக்கு 2.048 மெகாபிட் தரும் முதல் அடுக்கு இணைப்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் பல இ-1 இணைப்புகளைக் கட்டாகக் கட்ட வேண்டும், அல்லது 34.368 மெகாபிட் கொண்ட இ-3க்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டும். பிரேம் ரிலே என்ற நுட்பம், உறுதியளிக்கப்பட்ட வேகம் என்ற கருத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஏடிஎம் என்ற கடத்தல் நுட்பம் எல்லாவற்றையும் 53 பைட் செல்களாக நறுக்கியது. அதில் 5 பைட் தலைப்புக்கே போனதால், அனுப்பும் கொள்ளளவில் 9 விழுக்காட்டுக்கு மேல் முகவரி எழுதவே செலவானது. எஸ்டிஎச் எனப்படும் ஒளியிழைக் கடத்தல் முறையின் வளையங்கள், இழை அறுந்தால் 50 மில்லிவிநாடிக்குள் மாற்றுத் திசைக்குத் திரும்பும் தன்மையால் சேவையாளர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தன.

ஈதர்நெட் 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், ஒரே கட்டடத்துக் கணினிகளை இணைக்கப் பிறந்தது. அதை நகர் முழுவதற்கும் விரிப்பதற்குத் தடையாக இருந்தது வேகம் அன்று. யாருடைய போக்குவரத்து எது என்று பிரித்துக் காட்டவும், பழுதைத் தொலைவிலிருந்து கண்டறியவும், இவ்வளவு தருவேன் என்று உறுதி சொல்லவும் அதில் வழி இல்லாததுதான். 2001இல் தொடங்கிய மெட்ரோ ஈதர்நெட் ஃபோரம் அந்தச் சேவைகளுக்குப் பொது வரையறைகளை எழுதியது. ஐட்ரிபிள்ஈ அமைப்பு 802.1ஏடி தரத்தின் மூலம் வாடிக்கையாளரின் விலேன் அடையாளத்துக்கு (ஒரே கம்பியில் ஓடும் பல உள்வலையமைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்ணுக்கு) வெளியே சேவையாளரின் அடையாளம் ஒன்றையும் ஒட்டும் முறையை, நடைமுறையில் கியூ-இன்-கியூ என்று அழைக்கப்படுவதை, வகுத்தது. விலேன் எண் 12 பிட் மட்டுமே என்பதால் ஒரு வலையமைப்பில் 4,094 எண்களே பயன்படும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைச் சுமக்க அது போதாமல் போனதே, சேவையாளர்களின் மையப்பகுதி பின்னர் எம்பிஎல்எஸ் பக்கம் சாய்ந்ததற்கு ஒரு காரணம்.

தூரத்தைத் தாளில் எழுதுங்கள்

அடுத்து, எந்த இடம் எந்த இடத்தோடு பேசுகிறது, எவ்வளவு பேசுகிறது, இடையில் எத்தனை கிலோமீட்டர் என்று ஓர் அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 மைக்ரோவிநாடி எடுத்துக்கொள்கிறது. 100 கிலோமீட்டர் இழை நீளத்துக்குப் போய்வர 1 மில்லிவிநாடி; 1,000 கிலோமீட்டருக்கு 10 மில்லிவிநாடி. எந்தச் சேவையாளரும் இதைக் குறைக்க முடியாது. இழை நேர்கோட்டில் செல்வதில்லை என்பதால் வரைபடத்தில் அளக்கும் தூரத்தைவிட உண்மையான நீளம் கூடுதலாகவே இருக்கும்.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. தரவு போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி நெறிமுறையின் சாளர அளவு விரிவாக்கப்படாத ஒரு பழைய மென்பொருள், ஒப்புகை வருவதற்கு முன் 65,535 பைட்டுகளுக்கு மேல் அனுப்பாது. போய்வரும் நேரம் 1 மில்லிவிநாடி என்றால் அதற்கு விநாடிக்கு 524 மெகாபிட் வரை கிடைக்கும். 10 மில்லிவிநாடி என்றால் 52 மெகாபிட். 40 மில்லிவிநாடி என்றால் 13 மெகாபிட்டோடு அது நின்றுவிடும். அந்த 13 மெகாபிட்டுக்குக் காரணம் தேடி இணைப்பின் வேகத்தை இரட்டிப்பாக்குபவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் உயரும், கோப்பு அதே நேரத்தில்தான் போய்ச் சேரும். ஆகவே ஒரு நகரத்துக்குள் நன்றாக ஓடும் தரவுப் பிரதியெடுப்பை, ஈதர்நெட் என்ற அதே பெயர் கொண்ட தொலைதூர இணைப்பின் மேல் ஏற்றி அதே பயனை எதிர்பார்க்கக் கூடாது.

நகர எல்லைக்குள் மெட்ரோ ஈதர்நெட்டின் மேன்மை உண்மையானது. 1,500 பைட் பாக்கெட் ஒன்றை இ-1 லைனில் ஏற்றி முடிக்கவே 5.9 மில்லிவிநாடி ஆகும். அதனால்தான் அந்தக் காலத்தில் பெரிய பாக்கெட்டின் பின்னால் குரல் பாக்கெட் காத்துக் கிடக்காதிருக்கப் பெரியதைத் துண்டு போடும் உத்திகள் தேவைப்பட்டன. 100 மெகாபிட் முனையில் அதே வேலை 0.12 மில்லிவிநாடியில் முடிகிறது; அந்த உத்திகளுக்கே தேவையில்லாமல் போகிறது. கூடவே, தனிவகை சீரியல் அட்டைகள் வேண்டாம். ரவுட்டரிலோ சுவிட்சிலோ ஏற்கெனவே இருக்கும் ஈதர்நெட் முனையே போதும். வேகத்தைக் கூட்ட வேண்டியபோது, முனையின் இயற்பியல் வேகத்துக்குள் அடங்கும்வரை, சேவையாளர் ஓர் அமைப்பை மாற்றினால் போதும்; புதிய கம்பி இழுக்க வேண்டியதில்லை.

வழி காட்டுவது யார் பொறுப்பு

ஒப்பீட்டின் நடுநாடி இதுதான் என்று நான் கருதுகிறேன். இரண்டாம் அடுக்குச் சேவையை வாங்கினால் ஐபி முகவரித் திட்டமும் ரவுட்டிங்கும் முழுவதும் உங்கள் கையில் இருக்கும். சேவையாளருக்கு உங்கள் முகவரிகள் எவையென்று தெரியவே வேண்டியதில்லை. நள்ளிரவில் புதிய உள்வலையமைப்பு ஒன்றைச் சேர்க்க அவரிடம் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. அந்த உரிமையோடு சுமையும் வருகிறது. ரவுட்டிங் தெரிந்தவர் உங்கள் பக்கம் இருக்க வேண்டும்.

மூன்றாம் அடுக்கு எம்பிஎல்எஸ் விபிஎன்னில் ஒவ்வொரு கிளை ரவுட்டரும் சேவையாளரின் ரவுட்டரோடு மட்டும் பேசினால் போதும். இருபது கிளைகளோ இருநூறு கிளைகளோ, ஒரு கிளையின் அமைப்பு மாறுவதில்லை. எந்தக் கிளை எங்கிருக்கிறது என்ற அறிவைச் சேவையாளரின் வலையமைப்பே சுமக்கிறது. பதிலுக்கு, உங்கள் ரவுட்டிங்கில் அவர் ஒரு பங்காளி ஆகிறார். ஒரு முகவரித் தொகுதி தவறாக வடிகட்டப்பட்டால் அது உங்கள் பக்கமா அவர் பக்கமா என்று இருவரும் சேர்ந்து தேட வேண்டும்.

மெட்ரோ ஈதர்நெட்டுக்குள்ளேயே வடிவங்கள் வேறுபடுகின்றன. இ-லைன் இரண்டு முனைகளை மட்டும் இணைக்கிறது. அதிலும் முனை முழுவதையும் ஒரே இணைப்புக்கு ஒதுக்கும் வகை உண்டு; ஒரே முனைக்குள் விலேன் எண்ணை வைத்துப் பல இணைப்புகளைப் பிரிக்கும் வகையும் உண்டு. தலைமையகத்தில் ஒரு முனையும் கிளைகளில் ஒவ்வொரு முனையும் கொண்டு, பழைய பிரேம் ரிலே வடிவத்தை அப்படியே கட்டுவதற்கு இரண்டாவது வகை ஏற்றது. இ-லேன் எல்லா முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகியதுபோல் ஆக்குகிறது. இ-ட்ரீ வேர் முனைகள் எல்லாவற்றோடும் பேச, இலை முனைகள் தமக்குள் பேசாமல் தடுக்கிறது.

இவற்றில் இ-லேன்தான் கண்ணை ஈர்ப்பது. கவனம் அதிகம் வேண்டியதும் அதுவே. ஒரே சுவிட்ச் போல இருப்பதால் கிளைகளின் சுவிட்சுகளை நேரடியாக அதில் செருகிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு கிளையில் யாரோ தவறுதலாக ஏற்படுத்தும் சுழல் இணைப்பு எல்லாக் கிளைகளையும் மூழ்கடிக்கும். ஒவ்வொரு கணினியின் மேக் முகவரியையும் (வலையமைப்பு அட்டையின் வன்பொருள் முகவரியையும்) சேவையாளரின் சுவிட்சுகள் கற்க வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் மேக் முகவரிகளுக்கு உச்சவரம்பு இருந்து அதைத் தாண்டினால், கற்கப்படாத முகவரிகளுக்கான பிரேம்கள், அமைப்பைப் பொறுத்து, எல்லா முனைகளுக்கும் பரப்பப்படும் அல்லது கைவிடப்படும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ரவுட்டரையோ மூன்றாம் அடுக்கு சுவிட்சையோ எல்லைக்காவலாக நிறுத்துங்கள். அப்போது சேவையாளர் காண்பது கிளைக்கு ஒரு மேக் முகவரி மட்டுமே. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் செல்லும் உங்கள் பரப்பல் போக்குவரத்தும் கட்டடத்துக்குள்ளேயே நின்றுவிடும். கிளைகளுக்கிடையே ஒரே விலேனை நீட்டித்தே ஆக வேண்டும் என்று மென்பொருள் விற்பவர் சொன்னால், ஏன் என்று இரண்டு முறை கேளுங்கள். பெரும்பாலும் காரணம் மாற்றக்கூடியதாகவே இருக்கும்.

கிளைகளின் எண்ணிக்கையும் இங்கே பேச வேண்டும். இருபது ரவுட்டர்கள் ஒன்றோடொன்று நேரடியாக அண்டை உறவு கொண்டால் 190 இணைகள் உருவாகும். ஓஎஸ்பிஎஃப் போன்ற ரவுட்டிங் நெறிமுறைகள் ஒரு தலைமை ரவுட்டரைத் தேர்ந்தெடுத்து இந்தச் சுமையைக் குறைக்கின்றன. எனினும் ஒரு கிளையின் இணைப்பு விட்டுவிட்டுத் துடித்தால் அதன் அதிர்வு எல்லா ரவுட்டர்களுக்கும் போகும். பத்துக்கும் குறைவான இடங்கள், ஒரே நகரம், ரவுட்டிங் தெரிந்த ஊழியர் என்றால் இரண்டாம் அடுக்கு எனக்கு உவப்பானது. நூறு சிறு கிளைகள், ஒவ்வொன்றிலும் தொழில்நுட்பம் தெரிந்தவர் எவரும் இல்லை என்றால் மூன்றாம் அடுக்கே நல்லது. இடைப்பட்டவற்றுக்கு உங்கள் ஊழியர் பலமே அளவுகோல்.

100 என்ற எண்ணுக்குள் இருப்பவை

மெட்ரோ ஈதர்நெட் ஒப்பந்தத்தில் வேகம் ஓர் எண்ணாக எழுதப்பட்டிருந்தாலும் அதன் பின்னால் நான்கு எண்கள் உண்டு. சிஐஆர் என்பது உறுதியளிக்கப்பட்ட வேகம். இஐஆர் என்பது இடமிருந்தால் மட்டும் கிடைக்கும் கூடுதல் வேகம். சிபிஎஸ், இபிஎஸ் ஆகியவை ஒரே மூச்சில் எத்தனை பைட்டுகள் வரலாம் என்ற அளவுகள். சிஐஆருக்குள் வரும் பிரேம் பச்சை என்று குறிக்கப்பட்டு உறுதியோடு கடத்தப்படுகிறது. அதற்கு மேல் இஐஆருக்குள் வருவது மஞ்சள், நெரிசல் வந்தால் முதலில் வீசப்படுவது. அதற்கும் மேல் வருவது சிவப்பு, வாசலிலேயே கைவிடப்படுவது. சிஐஆர் 10, இஐஆர் 90 என்று கொண்ட ஒரு சேவையும் சிஐஆர் 100 கொண்ட ஒரு சேவையும் விளம்பரத் தாளில் ஒரே மாதிரி தோன்றும்.

அதிகம் கவனிக்கப்படாமல் போவது சிபிஎஸ். முனை விநாடிக்கு 1 கிகாபிட், சேவை 100 மெகாபிட், சிபிஎஸ் 12,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சர்வர் ஒரு கோப்பை அனுப்பத் தொடங்கும்போது பாக்கெட்டுகள் 1 கிகாபிட் வேகத்தில் அடுத்தடுத்து வந்து விழும். சேவையாளர் வேகத்தை அளக்கும் கணக்கு வாளியில் இருக்கும் 12,000 பைட் இடம் 0.11 மில்லிவிநாடிக்குள் தீர்ந்துபோகும். அதாவது எட்டுப் பெரிய பிரேம்கள் போன பின் ஒன்பதாவது வீசப்படும். டிசிபி அந்த இழப்பை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைப் பாதியாகக் குறைக்கும், மீண்டும் ஏறும், மீண்டும் இழக்கும். சராசரியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரையும் கண்காணிப்பு வரைபடத்தில் பயன்பாடு 30, 40 விழுக்காடுதான் தெரியும். பயனரோ இணைப்பு மந்தம் என்று முறையிடுவார். நான் பணியாற்றிய ஓரிடத்தில் இதே அறிகுறிக்கு மூன்று வாரம் சர்வரை ஆராய்ந்துகொண்டிருந்தோம். கடைசியில் எங்கள் ரவுட்டரின் வெளிவாசலில் ஷேப்பிங் (வேகத்தைச் சேவையின் அளவுக்குள் சீராக்கி அனுப்புதல்) அமைத்த அன்றே குறை தீர்ந்தது.

ஆகவே முனையின் வேகம் சேவையின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கும் எல்லா இடங்களிலும் உங்கள் கருவியில் ஷேப்பிங் அமைப்பது கட்டாயம். அந்தக் கருவி பிரேமின் எந்தப் பகுதியைக் கணக்கிடுகிறது என்பதையும் பாருங்கள். மெட்ரோ ஈதர்நெட் வரையறையில் சேரிட முகவரியின் முதல் பிட் தொடங்கிப் பிழைச்சோதனைப் பகுதியின் கடைசி பிட் வரை எண்ணப்படுகிறது. சில ரவுட்டர்கள் ஐபி பாக்கெட்டின் அளவை மட்டும் எண்ணுகின்றன. சிறிய பாக்கெட்டுகள் மிகுந்த குரல் போக்குவரத்தில் இந்த வேறுபாடு பெரிது. 200 பைட் கொண்ட குரல் பாக்கெட் 218 பைட் பிரேமாகிறது; முன்னடையாளம், பிரேம்களுக்கு இடையிலான வெற்றிடம் ஆகியவற்றைச் சேர்த்தால் கம்பியில் 238 பைட் இடத்தைப் பிடிக்கிறது. விநாடிக்கு 50 பாக்கெட் கொண்ட ஓர் அழைப்பு, ஐபி கணக்கில் 80 கிலோபிட், பிரேம் கணக்கில் 87, கம்பிக் கணக்கில் 95. ஷேப்பிங் வேகத்தைச் சிஐஆரைவிட 5 விழுக்காடு குறைத்துத் தொடங்கி, இழப்பு இல்லை என்று உறுதியான பின் மெல்ல உயர்த்துவது நல்ல நடைமுறை; குரல் மிகுதியானால் இன்னும் தாழ்வாகத் தொடங்குங்கள்.

முன்னுரிமைப் பிரிவுகளையும் இதே தருணத்தில் பேசி முடித்துவிடுங்கள். இரண்டாம் அடுக்கில் விலேன் தலைப்பில் உள்ள 3 பிட் முன்னுரிமை எண்ணையே சேவையாளர் பெரும்பாலும் படிப்பார். உங்கள் தொலைபேசி ஐபி தலைப்பில் வைக்கும் குறி அவர் கண்ணில் படாமல் போகலாம். ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதும் வேலை உங்கள் எல்லை ரவுட்டருடையது.

பிரேமின் அளவு

இது சிறிய விஷயம், ஆனால் தவறினால் கண்டுபிடிப்பது கடினம். ஒரு ரவுட்டர் தன்னால் அனுப்ப முடியாத அளவு பெரிய பாக்கெட்டைக் கண்டால் அதைத் துண்டு போடும், துண்டாக்கத் தடை இருந்தால் அனுப்பியவருக்கு ஐசிஎம்பி என்ற அறிவிப்புச் செய்தி அனுப்பும். சுவிட்ச் அப்படிச் சொல்லாது. பெரிய பிரேமை ஓசையின்றி வீசிவிடும். மெட்ரோ ஈதர்நெட்டின் வழியில் இருப்பவை உங்கள் பார்வையில் சுவிட்சுகளே. ஆகவே பிங் (சிறு சோதனைப் பாக்கெட்) வேலை செய்யும், உள்நுழைவுப் பக்கம் திறக்கும், பெரிய பக்கம் மட்டும் தொங்கி நிற்கும். உங்கள் விலேன் அடையாளத்துக்கு 4 பைட், மேக்செக் மறையாக்கத்துக்கு 32 பைட் வரை, விஎக்ஸ்லேன் சுரங்கத்துக்கு 50 பைட் என்று கூட்டிப் பார்த்து, அதற்கு இடம் தரும் எம்டியு எனப்படும் மிகப் பெரிய பாக்கெட் அளவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இணைப்பு வந்த நாளில், துண்டாக்கத் தடை போட்டு 1,472 பைட் தரவுடன் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து சரியாக 1,500 ஆகும்.

அறுந்ததை யார் சொல்வார்

லீஸ்டு லைனில் பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதை வசதி என்றே அவர்கள் உணர்ந்திருக்க மாட்டார்கள். வழியில் எங்கே அறுந்தாலும் இரு முனை ரவுட்டர்களிலும் இணைப்பு விழுந்துவிடும், ரவுட்டிங் உடனே மாற்று வழிக்குத் திரும்பும். பிரேம் ரிலேயிலும் மறுமுனை செயலிழந்ததைச் சேவையாளரின் சுவிட்ச் தெரிவிக்கும் ஏற்பாடு இருந்தது. மெட்ரோ ஈதர்நெட்டில் உங்கள் ரவுட்டரின் முனை பேசுவது பக்கத்து அறையில் இருக்கும் சேவையாளரின் சுவிட்சோடு மட்டும். நகரத்தின் மறுகோடியில் இழை அறுந்தாலும் இந்த விளக்கு பச்சையாகவே எரியும். ஓஎஸ்பிஎஃப் தன் வழக்கமான அமைப்பில் அண்டை ரவுட்டர் போய்விட்டது என்று முடிவுகட்ட 40 விநாடி எடுத்துக்கொள்கிறது. அந்த 40 விநாடியும் போக்குவரத்து இருட்டில் கொட்டப்படும். நிலையான வழிகளை மட்டும் கையால் எழுதி வைத்திருந்தால், யாரேனும் கவனிக்கும்வரை கொட்டப்படும்.

இதற்கான மருந்து பிஎஃப்டி என்ற துடிப்புச் சோதனை நெறிமுறை. இரு ரவுட்டர்களும் சிறு செய்திகளை 300 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பரிமாறி, மூன்று தவறினால் இணைப்பை விழுந்ததாக அறிவிக்கும்படி அமைத்தால், ஒரு விநாடிக்குள் மாற்று வழி எடுக்கப்படும். மிகக் குறைந்த இடைவெளிக்கு ஆசைப்படாதீர்கள். சேவையாளரின் வளையம் தன்னைத் தானே 50 மில்லிவிநாடியில் சரிசெய்துகொள்ளும் இடத்தில், அதற்குள் பிஎஃப்டி முந்திக்கொண்டு எல்லா வழிகளையும் புரட்டிப்போடுவது தேவையற்ற அலைச்சல். சேவையாளர் ஜி.8032 வளையப் பாதுகாப்பு வைத்திருக்கிறாரா, எம்பிஎல்எஸ் விரைவு மாற்றுப்பாதை வைத்திருக்கிறாரா, அல்லது சுவிட்சுகளுக்கிடையே சுழலைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயை நம்பியிருக்கிறாரா என்று கேளுங்கள். பழைய ஸ்பேனிங் ட்ரீ மீண்டெழ 30 முதல் 50 விநாடி எடுக்கும். அது உங்கள் பிஎஃப்டியின் எண்களை மட்டுமல்லாமல் சேவையையே மறுபரிசீலனை செய்யத் தகுந்த பதில்.

எந்தப் பாதுகாப்பு நெறிமுறையும் மண்வெட்டிக்கு முன் நிற்காது. இரண்டு இணைப்புகளை இரண்டு சேவையாளர்களிடம் வாங்கினாலும், இருவரும் ஒரே குழாயில் இழை போட்டிருந்தால் ஒரே வெட்டில் இரண்டும் போகும். கட்டடத்துக்குள் நுழையும் இடம், தெருவில் செல்லும் பாதை, சென்று சேரும் பரிமாற்றகம் ஆகிய மூன்றும் வேறு வேறாக இருப்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். வாய்மொழியாக வேறு பாதை என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

பழுதைத் தேடும் கருவிகளில் மெட்ரோ ஈதர்நெட் பின்தங்கியது என்ற பழைய குறை இப்போது பொருந்தாது. 802.1ஏஜி, ஒய்.1731 ஆகிய தரங்கள் இரண்டாம் அடுக்கிலேயே தொடர் துடிப்புச் செய்தி, எதிரொலிச் சோதனை, வழித்தடச் சோதனை, தாமதமும் இழப்பும் அளத்தல் ஆகியவற்றைத் தருகின்றன. அவை உங்கள் இணைப்பில் இயக்கப்பட்டிருக்கின்றனவா, அளவீடுகளை நீங்கள் பார்க்க முடியுமா என்பதே கேள்வி.

ஒப்பந்தத்தைப் படிப்பதும் சோதித்து ஏற்பதும்

99.9 விழுக்காடு கிடைப்புநிலை என்றால் ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் இணைப்பு இல்லாமல் இருக்கலாம் என்று பொருள், 99.99 என்றால் 53 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. கணக்கு மாதத்துக்கா ஆண்டுக்கா, முன்னறிவித்த பராமரிப்பு சேருமா, அளவு உங்கள் முனையிலிருந்து உங்கள் மறுமுனை வரையா அல்லது சேவையாளரின் மையத்துக்குள் மட்டுமா என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். தாமதத்தைச் சராசரியாகச் சொன்னால் போதாது. குரலைக் கெடுப்பது சராசரி அல்ல, அவ்வப்போது எகிறும் உச்சம். அதனால் நூற்றுக்கு 95 அல்லது 99 பிரேம்கள் எந்த அளவுக்குள் வரும் என்ற வடிவில் கேளுங்கள்.

இணைப்பைக் கையேற்கும் நாளில் இணையதள வேகச் சோதனையை நம்பாதீர்கள். ஒய்.1564 முறைப்படி சோதித்துத் தரும்படி கோருங்கள். அது முதலில் வேகத்தைப் படிப்படியாகச் சிஐஆர் வரை ஏற்றி, பிறகு அதையும் தாண்டிச் செலுத்தி, பச்சைப் போக்குவரத்து உறுதியளித்தபடி கடக்கிறதா, மிகுதி சரியாக வெட்டப்படுகிறதா என்று பார்க்கும். பின்னர் எல்லாச் சேவைகளையும் சேர்த்து 15 நிமிடமோ 2 மணி நேரமோ 24 மணி நேரமோ ஓட்டும். பழைய ஆர்எஃப்சி 2544 சோதனை ஒவ்வொரு பிரேம் அளவையும் தனித்தனியாகச் சோதிப்பதால், பல முன்னுரிமைப் பிரிவுகள் ஒரே நேரத்தில் போட்டியிடும் நிலையை அது காட்டாது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு திருத்தம் அவசியம். மெட்ரோ ஈதர்நெட்டும் எம்பிஎல்எஸ் விபிஎன்னும் தனிவழி என்று அழைக்கப்படுவதால் மறையாக்கப்பட்டவை என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் பிற வாடிக்கையாளர்களிடமிருந்து உங்களைப் பிரித்து வைக்கின்றன, உள்ளடக்கத்தை மறைப்பதில்லை. ரகசியம் காக்க வேண்டிய தரவு என்றால் இரண்டாம் அடுக்கில் மேக்செக்கையும் மற்ற இடங்களில் ஐபி அடுக்கில் மறையாக்கும் ஐபிசெக்கையும் நீங்களே போட வேண்டும். மேக்செக்கைச் சேவையாளரின் வலையமைப்பைத் தாண்டிச் செலுத்தும்போது, அவர் படிக்க வேண்டிய விலேன் அடையாளம் மறையாக்கத்துக்கு வெளியே இருக்கும்படி அமைக்க உங்கள் கருவி அனுமதிக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

கலந்து கட்டுவது

பெரும்பாலான வலையமைப்புகளுக்குச் சரியான விடை ஒரே தொழில்நுட்பமாக இருப்பதில்லை. ஒரே நகரத்தில் உள்ள தலைமையகத்தையும் இரண்டு தரவு மையங்களையும் இ-லைன் இணைப்புகளால் கட்டலாம். அளவு மிகவும் பெரிதாகி, தூரமும் சில பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்தால், வெற்று இழையையோ (கருவியை நீங்களே பொருத்தும் இழை) அலைநீள இணைப்பையோ (இழையில் உங்களுக்கென ஒதுக்கும் ஓர் ஒளியலை) விசாரிப்பது நல்லது. தொலைவில் உள்ள நடுத்தரக் கிளைகளை மூன்றாம் அடுக்கு விபிஎன்னில் சேர்க்கலாம். இருவர் மூவர் பணியாற்றும் சிறு கிளைகளுக்கு இணையத்தின் மேல் ஐபிசெக் சுரங்கமே போதும். வழியை மென்பொருள் தேர்ந்தெடுக்கும் எஸ்டி-வான் கருவிகள் இங்கே உதவுகின்றன. அந்தக் கருவிகள் கிடைக்கும் வழிகளில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும். இல்லாத தரத்தை உருவாக்காது என்பதை நினைவில் வையுங்கள். பழைய தொலைபேசிப் பரிமாற்றகத்துக்கு இ-1 வேண்டுமென்றாலோ, கோபுரக் கருவிகளுக்குத் துல்லியக் கடிகாரம் வேண்டுமென்றாலோ, எஸ்டிஎச் இயல்பாகத் தந்ததை ஈதர்நெட்டில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மாற்றத்தின்போது பழைய இணைப்பை உடனே துண்டிக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடிப்பைக் கடக்கும்வரை இரண்டையும் ஓடவிட்டு, ரவுட்டிங்கில் புதியதற்கு முன்னுரிமை கொடுத்து வையுங்கள். அந்த இடைவெளியில், பயனர் குறைந்த ஒரு நேரத்தில், சேவையாளரின் மறுமுனைச் சுவிட்சுக்குப் பின்னால் உள்ள இழையை அவரைக் கொண்டே கழற்றச் செய்யுங்கள். உங்கள் அறையில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்போதே போக்குவரத்து ஒரு விநாடிக்குள் பழைய வழிக்குத் திரும்புகிறதா என்று அளந்து, அந்த எண்ணைக் கையேற்புத் தாளில் எழுதுங்கள். திரும்பவில்லை என்றால் பழைய லைனின் நிறுத்த விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம்.